வெளிச்சத்தையும் வாங்கலாம்ணே

லைட்டா சவுண்டா என்று வந்துவிட்டால் சின்னப் படக் கம்பெனியில் லைட்டுதான் ஜெயிக்கும். இயக்குநர், கேமராமேன், எடிட்டர், அசோசியேட் டைரக்டராக இருக்கும் நான், யாரைக் கேட்டாலும் ஒரே காரணம்தான் வரும்: சத்தத்தை அப்புறம் வாங்கிக்கலாம், வெளிச்சத்தை வாங்க முடியாது. மதுரைப் பக்கம் சோழவந்தானில், வெற்றிலைக் கொடிக்காலில் பொழுது சாயும் நேரம் இதைச் சொன்னபோது, ஒலிப்பதிவு பார்த்த தம்பி ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னான்: “வெளிச்சத்தையும் டிஐல வாங்கலாம்ணே.”

டிஐ என்றால் எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அப்புறம் கம்ப்யூட்டரில் சரிசெய்யும் வேலை. அதற்கு மேல் அவன் ஒன்றும் பேசவில்லை. கிளாப் அடித்தோம், எடுத்தோம். படமும் முடிந்துவிட்டது. அந்த ஒரு வரிக்கு மட்டும் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் அவன் கேட்டிருந்தது பத்து நிமிடம். காட்சி முடிந்ததும் கேமராவை அணைத்துவிட்டு, எங்கள் படத்தில் நடித்த, நிஜத்திலும் வெற்றிலை கிள்ளும் வேலை பார்க்கும் ஆத்தாவை அதே இடத்தில் உட்கார வைத்து, அதே வசனத்தை மைக்குக்கு மட்டும் பேச வைக்க வேண்டும். வைல்டு ட்ராக் என்பது அதுதான். காரணம், பக்கத்துத் தெருவில் காதுகுத்து. குழாய் ரேடியோவில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு போய், மொய்யும் எழுதி, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வந்தார். அவர் திரும்பி வருவதற்குள் பாட்டு மறுபடி ஏறிவிட்டது. விசேஷ வீட்டில் ரேடியோ செட்காரர் யார் பேச்சைத்தான் கேட்பார்?

மற்ற சத்தங்களை நாங்கள் சமாளித்துப் பழகியவர்கள். பம்புசெட் மோட்டார் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல் 100, 150 என்று ஒழுங்காக அடுக்கிக்கொண்டு விழும். அந்தந்த இடத்தில் வெட்டினால் பேச்சுக்கு அதிகம் சேதமில்லை. மதுரை–திண்டுக்கல் ரயில் கடந்தால் நின்று மறு டேக் போகலாம். மயில் கத்தினால் வசனத்தின் இடைவெளியில் விழுந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம். பாட்டு அப்படியில்லை. பேச்சு புரிவதற்கு முக்கியமான 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் குழாய் ஸ்பீக்கரும் கத்துகிறது. இப்போது குரலை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் பாட்டிலும் ஒரு குரல் இருக்கிறதே! பாடகரையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். இன்னும் அழுத்திச் சுத்தம் செய்தால் ஆத்தா கிணற்றுத் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல ஆகிவிடும். போதாததற்கு ஷாட்டுக்கு ஷாட் வெட்டும்போது பின்னால் பாட்டு தாவும். தாவாவிட்டாலும் அதன் உரிமையை ஆடியோ கம்பெனியிடம் வாங்க வேண்டும். எங்கள் பட்ஜெட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆக, அன்று பதிவானது பைலட் ட்ராக்குக்கு, அதாவது டப்பிங்கின்போது கேட்டுப் பார்த்துக்கொள்வதற்கு மட்டும்தான் ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

என் பக்கக் கணக்கு இது. மதுரைப் பக்கம் சூரியன் மறைந்தபின் முழுசாக இருட்டுவதற்கு இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம் வெளிச்சம் இறங்கும். ஒரு ஸ்டாப் என்றால் பாதி. கொடிக்காலுக்குள் அகத்தி நிழலும் வெற்றிலைக் கொடியும் சேர்ந்து வெளியில் இருப்பதைவிட முன்பே இருட்டிவிடும். ஆத்தா வெற்றிலை அடுக்கும் ஷாட்டுக்குப் பிறகு, அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கும் ஷாட் பாக்கி. பத்து நிமிடத்தைக் கொடுத்தால் அந்த நடை போய்விடும். மறுநாள் எடுக்கலாமே என்பார்கள். மறுநாள் என்றால் ஜெனரேட்டர் வாடகை, எல்லோருக்கும் பேட்டா, சாப்பாடு. அதோடு ஆத்தாவுக்கு அன்று வேறு தோட்டத்தில் வெற்றிலை கிள்ளும் வேலை.

டிஐயில் வாங்கலாம் என்று அவன் சொன்னதும் முழுப் பொய்யில்லை. 800 ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்தை உணரும் அளவு அது) எடுக்கும் கேமராவை 1600-க்கு ஏற்றலாம். ஒரு ஸ்டாப் குறைவாக விழுந்த ரா ஃபுட்டேஜை, அதாவது கேமரா பதிந்தபடியே இருக்கும் பதிவை, நிறம் சரிசெய்யும் கலரிஸ்ட் தூக்கிக் கொடுத்துவிடுவார். மூன்று ஸ்டாப் என்றால் நிழலில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும். ஆத்தாவின் முகம் கறுப்பு, பின்னால் இலை கறும்பச்சை, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்து வானத்தின் நிறத்தை அப்படியே உண்டாக்க முடியாது. அதனால் நான் சொன்னதுதான் சரி.

சரிதானா? சத்தத்தை அப்புறம் வாங்கிய கதையையும் சொல்லிவிட வேண்டும்.

மதுரையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஆத்தாவை டப்பிங்குக்கு உட்கார வைத்தோம். நடிகர்களுக்குப் பழகிய வேலை அது. காட்சியின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப, லூப்பாக ஓடவிட்டு உதட்டைப் பார்த்துப் பேசுவார்கள். ப, ம வரும் இடத்தில் உதடு மூடும், அங்கே மட்டும் பிசகாமல் பிடித்துக்கொண்டால் மற்றதைக் கொஞ்சம் இழுக்கலாம், தள்ளலாம். ஆத்தாவுக்கு முதல் சிக்கல் ஹெட்போன். இரண்டு காதையும் மூடினால் தன் குரல் தனக்குக் கேட்காமல் யாருமே சத்தமாகத்தான் பேசுவார்கள். ஒரு காதைத் திறந்துவிட்டதும் அது சரியானது. அடுத்தது மூச்சு. தோட்டத்தில் குனிந்து அடுக்கிக்கொண்டே பேசியதால் வயிறு மடிந்து, ஒவ்வொரு வரியின் கடைசியும் அமுங்கி வந்தது. ஸ்டுடியோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த அமுக்கம் வராது. தரையில் உட்கார வைத்து, கையில் ஒரு கட்டு வெற்றிலையையும் கொடுத்தோம். பாதி வந்தது. நடுவில் லூப்பில் கேட்ட தன் குரலுக்கே “ஆமாய்யா” என்று பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தோம், ஆத்தாவும் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை என்று எனக்கு ஞாபகம். அது நானாகச் சேர்த்துக்கொண்ட ஞாபகமாகவும் இருக்கலாம்.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைக்காமல், ஸ்பாட்டில் வைத்த அதே பூம் மைக்கை இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தான். அடிக்குரலைக் கொஞ்சம் வெட்டினான். எக்கோ சேர்க்கவில்லை; இலையும் ஈர மண்ணுமாக இருக்கும் கொடிக்காலில் குரல் மோதித் திரும்பச் சுவர் ஏது? பிரச்சினை ஆம்பியன்ஸில், அதாவது இடத்தின் பின்னணிச் சத்தத்தில் வந்தது. அந்தச் சாயங்காலத்தின் வெறும் தோட்டச் சத்தம் எங்களிடம் இல்லை, இருந்ததெல்லாம் பாட்டு. காலையில் போய் எடுத்து வந்ததைத்தான் அடியில் போட்டோம். அதில் குயில் இருக்கிறது, சாயங்காலப் பூச்சிச் சத்தம் இல்லை. பூச்சியை லைப்ரரியிலிருந்து எடுத்து ஒட்டினான்.

படம் பார்த்தவர்கள் அந்தக் காட்சியில் வெளிச்சத்தைத்தான் பாராட்டுகிறார்கள். சவுண்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. தெரியவில்லை என்றால் டப்பிங் ஜெயித்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்று இயக்குநர் கேட்கிறார். இருக்கலாம். எனக்கு அந்தக் காட்சியில் ஆத்தாவின் குரல் முகத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்பதுபோல் படுகிறது. எடுத்த விதம் தெரிந்ததால் அப்படிப் படுகிறதோ என்னவோ.

இப்போது அன்றன்றைய படப்பிடிப்புத் திட்டம் இருக்கும் எங்கள் கால்ஷீட் தாளில் பேச்சுள்ள ஒவ்வொரு காட்சிக்கும் கீழே “வைல்டு ட்ராக், 10 நிமிடம்” என்று அச்சடித்தே கொடுக்கிறோம். எழுதியவன் நான். பொழுது இறங்கினால் பேனாவை எடுத்து முதலில் அதை அடிப்பவனும் நான்தான். இந்த ஏற்பாடு நிற்காது என்று தெரிந்ததும் இன்னொரு வழி பேசினோம்: கேமரா செட் செய்யும் நேரத்திலேயே, ஷாட்டுக்கு முன்னால் வசனத்தைப் பதிவு செய்துவிடலாம். அந்த அரை மணி நேரம் எப்படியும் நடிப்பவர்கள் சும்மாதான் இருக்கிறார்கள். கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஆத்தா மாதிரி ஆட்கள் முதல் தடவை சொல்வதுதான் சரியாக இருக்கும். இரண்டாம் தடவை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த முதல் தடவையை மைக்குக்குக் கொடுப்பதா, கேமராவுக்குக் கொடுப்பதா?

தம்பியிடமே கேட்டேன். “மைக்குக்குத்தான்ணே” என்றான். அவன் வேறு என்ன சொல்வான்.