வேகாஸுக்கு முன்: யீஷூன் மேசைப் பயிற்சிக் குறிப்புகள்

ஏப்ரல் 19

ஜூலையில் லாஸ் வேகாஸில் போக்கர் சீட்டாட்டத்தின் உலகத் தொடர்; அதன் முதன்மைப் போட்டிதான் மெயின் ஈவென்ட். போகிறவர்களுக்காக சிங்கப்பூர் யீஷூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மேசை போட்டாயிற்று. காசு கிடையாது, சிப் (பணத்துக்குப் பதிலான வில்லை) மட்டும். 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் ஆடலாம். அதை வைத்து வீட்டுக்காரர் கமிஷன் பார்க்கக் கூடாது. இணையத்தில் காசு வைத்து ஆட இந்த விலக்கு இல்லை. எனவே நேரடி மேசைப் பழக்கம் இங்கேதான் வர வேண்டும்.

நுழைவுக் கட்டணம் 10,000 அமெரிக்க டாலர். 2024இல் ஆடியவர்கள் 10,112 பேர். சிப் தீர்ந்தால் மறுபடி பணம் கட்டி உட்கார முடியாது.

ஏப்ரல் 26

தொடக்கத்தில் ஆளுக்கு 60,000 சிப். முதல் கட்டத்தில் பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் சிறிய, பெரிய பந்தயம்) 100/200, பெரிய பிளைண்ட் வைப்பவரே மேசை முழுவதற்கும் 200 ஆன்ட்டி (கூடுதல் கட்டாயப் பந்தயம்) வைப்பார். ஒவ்வொரு கட்டமும் இரண்டு மணி நேரம். ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு ஆளுக்கு 500 சிப் செலவு. இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய ஆறு சுற்று வரும், ஆக 3,000. எதுவும் ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும் இருப்பில் இருபதில் ஒரு பங்குதான் போகும். முதல் நாளில் அவசரத்துக்கு இடமே இல்லை. வீட்டில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் ஏற்றி ஆடிப் பழகியவர்களுக்கு இது பிடிபட நாளாகும். அதனால் இங்கும் முழு இரண்டு மணி நேரக் கட்டம்தான்.

மே 3

இன்று முழுக்க கையும் வாயும். நல்ல ஆட்டக்காரர்களும் சிப்பை இழப்பது இங்கேதான்.

ஒருவர் 600க்கு ரெய்ஸ் செய்திருக்கிறார், அதாவது பந்தயத்தை ஏற்றியிருக்கிறார். வாய் திறக்காமல் ஒரே ஒரு 5,000 சிப்பை வைத்தால் அது ‘கால்’, அதாவது அந்த 600க்கு ஈடுகட்டுவது மட்டும்; மீதி திரும்பி வரும். இரண்டு 500 வைத்தாலும் கால்தான், ஏனென்றால் ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் 600க்குப் போதாது. இரண்டு 1,000 வைத்தால் 2,000க்கு ரெய்ஸ். 600ஐ வைத்துவிட்டு, கை மறுபடி சிப் அடுக்குக்குப் போய் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தால் இரண்டாவது செல்லாது. தொகையை முதலில் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் வராது. சொன்ன சொல் கட்டுப்படுத்தும். அதன்பின் சிப்பை எப்படி வைத்தாலும் சரி.

சொல்வதும் முழுசாக இருக்க வேண்டும். வெறுமனே ‘ஃபைவ்’ என்றால், அதற்கு முன் ‘பாட்’ (நடுவே சேர்ந்திருக்கும் பந்தயத் தொகை) 5,000க்குக் குறைவாக இருந்தால் 500, இல்லையென்றால் 5,000 என்று தீர்ப்பாகும்.

சீட்டின் மேல் எப்போதும் ஒரு சிப் இருக்கட்டும். டீலருக்கு (சீட்டுப் போடுபவருக்கு) இருபுறமும் உட்காருபவர்களுக்கு இது உயிர்நாடி. ஃபோல்ட் ஆன (மற்றவர்கள் விலகிப் போட்ட) சீட்டுகளோடு டீலர் சேர்த்து இழுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

மே 17

ஆல்-இன் (கையிலுள்ள சிப் முழுவதையும் வைப்பது) கணக்கு. பெரிய பிளைண்ட் 200, முதல் ஆள் 500க்கு ரெய்ஸ், அதாவது 300 கூடுதல். அடுத்தவர் 700க்கு ஆல்-இன். கூடியது 200 மட்டும், முழு ரெய்ஸ் ஆகாது. இடையில் வேறு யாரும் ரெய்ஸ் செய்யாவிட்டால், முதல் ஆளுக்குத் திரும்பி வரும்போது அவர் 700க்குக் கால் செய்யலாம் அல்லது ஃபோல்ட் செய்யலாம், ரெய்ஸ் முடியாது. இன்னும் முறை வராதவர் ரெய்ஸ் செய்யலாம், குறைந்தது 1,000க்கு. இது கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு வர வேண்டும், ஏனென்றால் டீலரும் சில நேரம் தவறுவார். சந்தேகம் வந்தால் உடனே ஃப்ளோரை (போட்டி மேற்பார்வையாளரை) கூப்பிடுங்கள். அடுத்த ஹேண்ட் (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடும் ஆட்டம்) தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மே 31

ஹேண்ட் நடக்கும்போது அங்கே ஆங்கிலம் மட்டுமே. ‘மச்சான், என்னடா வச்சிருக்க’ என்று விளையாட்டாகக் கேட்டாலும் எச்சரிக்கையோ தண்டனையோ வரலாம். தமிழர்கள் இருவர் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தால் இன்னும் கவனம் தேவை. இன்றுமுதல் சீட்டு போட்டதும் தமிழ் நிற்கும், பாட் தள்ளியதும் தொடரும்.

ஜூன் 14

கோடையில் வேகாஸ் நமக்கு 15 மணி நேரம் பின்னால். நண்பகலில் ஆட்டம் தொடங்கும்போது இங்கே விடிகாலை 3 மணி. ஐந்து கட்டமும் இடைவேளைகளும் சேர்ந்தால் நள்ளிரவு தாண்டும். உடல் தூக்கத்துக்குத் தவிக்கும் நேரமும் இருப்பு 300 பெரிய பிளைண்டாக இருக்கும் நேரமும் ஒன்றாக வருவதுதான் ஆபத்து: பிளைண்ட் ஒன்றும் செய்யாது, ஒரே ஒரு சோம்பேறி கால் எல்லாவற்றையும் கொண்டுபோகும். நான்கு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

ஜூன் 21

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு இணைய வழிப் பயண அனுமதி போதும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு விசா வேண்டும். அதற்கு இப்போது விண்ணப்பித்தால் தாமதம்.

ரொக்கம் 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் இருந்தால் சாங்கி விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் இறங்கும்போது 10,000 டாலருக்கு மேல் இருந்தால் அங்கும். குடும்பமாகப் போனால் எல்லோர் பணமும் சேர்த்தே கணக்கு. வென்ற பணத்தில் வெளிநாட்டவருக்கு 30 விழுக்காடு வரி பிடிப்பார்கள். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால் அது குறையாது. கட்டணத்தைப் பகிர்ந்து வெற்றியில் பங்கு தர ஆள் சேர்த்துப் போகிறவர்கள், பங்கு வரிக்கு முன்னா பின்னா என்பதை விமானம் ஏறுமுன் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.