டோர்ட்முண்ட் கிளம்பும் முன்

அடுத்த மாதம் ஜெர்மனிக்குக் கிளம்புகிறேன். டோர்ட்முண்ட் என்கிற ஊர், ரூர் பகுதியில் இருக்கிறது, ஒரு காலத்தில் நிலக்கரிக்கும் எஃகுக்கும் பேர்போனது. அங்கே ஒரு இளைஞர் மையத்தில் ஒரு வருடம் தன்னார்வலர் வேலை. மேற்படிப்பும் இல்லை, ஐடி வேலையும் இல்லை என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சம்பளம் எவ்வளவு கண்ணு?" சம்பளம் கிடையாது. தங்க இடம், சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான்.

இந்தத் திட்டம் வந்த கதையைச் சொன்னால் அப்பா மட்டும் ஆர்வமாகக் கேட்பார். ஜெர்மனியில் கட்டாய ராணுவப் பயிற்சி இருந்த காலத்தில், துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று சொன்ன பையன்கள் அதற்குப் பதிலாக மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை பார்த்தார்கள். 2011ல் அந்தக் கட்டாயத்தை நிறுத்தியபோது இந்தப் பையன்களும் வராமல் போக, அந்த இடத்தை நிரப்பத்தான் அரசே தன்னார்வப் பணித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வெளிநாட்டுக்காரர்களும் சேரலாம். வருடத்தில் 25 நாள் கருத்தரங்கு, மீதி நாளெல்லாம் வேலை.

எனக்கு இந்த ஆசை வந்தது இல்லம் தேடிக் கல்வியில். கொரோனாவுக்குப் பிறகு 2021ல் அரசு ஆரம்பித்தபோது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒரு பையன் பல வாரம் என்னிடம் பேசவே இல்லை. நோட்டை நீட்டுவான், வாங்கிக்கொள்வான், போய்விடுவான். ஒருநாள் எல்லாரும் போனபிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே, அப்பா வீட்டுக்கு வருவதில்லை என்று சொன்னான். அவன் சொல்லும்வரை நான் அங்கே இருந்தேன் என்பதுதான் விஷயம். அதனால்தான் இரண்டு வாரம் போய் அனாதை இல்லத்துப் பிள்ளைகளோடு படம் எடுத்துவிட்டு வரும் பயணங்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள், வந்து போகிறவர்களின் பணத்துக்காகவே பிள்ளைகளை அங்கே வைத்திருப்பதும் நடக்கிறது. வளரும் பிள்ளை ஒருத்தரை நம்பிப் பழகிவிட்டு, அவர் விமானம் ஏறுவதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது கொடுமை. ஒரு வருடமே குறைவுதான், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு வருடம் எவ்வளவோ மேல்.

சரி, காகித வேலைக்கு வருவோம். பாஸ்போர்ட் சேவா வழியாகக் காவல்துறைச் சான்றிதழ் வாங்கியாயிற்று. ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்தபோது அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது, "நம்ம புள்ளைய எதுக்கு விசாரிக்கோணும்?" என்றார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அங்கே போனபிறகும் இன்னொரு சான்றிதழ் வாங்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவர்களை இளைஞர் மையத்தில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. நம் ஊரில் டியூஷன் சென்டரிலிருந்து விளையாட்டுப் பயிற்சி முகாம் வரை இதை யாராவது கேட்கிறார்களா? கேட்க வேண்டும்.

அப்புறம் தட்டம்மை ஊசி. 1970க்குப் பிறகு பிறந்த யாராக இருந்தாலும் பள்ளி, குழந்தைகள் காப்பகம் போன்ற இடங்களில் வேலை செய்யத் தட்டம்மைக்கான பாதுகாப்பைக் காட்ட வேண்டும், இது 2020 மார்ச்சிலிருந்து அங்கே சட்டம். அம்மா பீரோவிலிருந்து எடுத்துக்கொடுத்த என் தடுப்பூசி அட்டை மடிப்பெல்லாம் கிழிந்து, நர்ஸ் எழுதிய நீல மை பாதி அழிந்திருந்தது. தட்டம்மைக்கு நேராக ஒரே ஒரு தேதி. நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் இரண்டாவது தவணை 2010ல்தான் வந்தது, நான் அதற்கு முன்பே பிறந்தவள். அதனால் இப்போது தட்டம்மையையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி போட்டுக்கொண்டேன். என் வயதுக்காரர்கள் கிளம்புவதாக இருந்தால் இதை முதலில் பாருங்கள், கடைசி நேரத்தில் தவித்துப்போவீர்கள்.

அம்மாவின் அம்மா, என் அமுச்சியைச் சமாதானப்படுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. "ஏஞ்சாமி, அங்க கோயிலு கீயிலு இருக்குதா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். இருக்கிறது! டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரத்தில் ஹாம் என்று ஒரு ஊர், அங்கே ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில், 2002ல் குடமுழுக்கு ஆனது. கோபுரத்தின் படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். அமுச்சி ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு தேர் உண்டா என்று கேட்டார். தேரும் உண்டு. அதிலிருந்து பக்கத்து வீட்டிலெல்லாம் அவரே எனக்காகப் பேசுகிறார்.

பெட்டியில் ஸ்வெட்டரும் பருப்புப்பொடியும் போக ஒரு செட் கேரம் காயும் ஸ்ட்ரைக்கரும் வைத்திருக்கிறேன். பலகையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அங்கே பட்டறை இருந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து செய்துகொள்ளலாம் என்று திட்டம். 74 செ.மீ. சதுரம், நாலு மூலையிலும் குழி, அளவெல்லாம் குறித்துவைத்தாயிற்று. விதிகளை ஜெர்மனில் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன், சிவப்புக் காய்க்கு ஃபாலோ போட வேண்டும் என்பதை விளக்குவதுதான் இன்னும் சரியாக வரமாட்டேன் என்கிறது.