குளிர்ந்த கடலில் விளைந்த அன்னாசி

ஓப்பல் என்பது வண்ணம் மின்னும் மணிக்கல். ஆஸ்திரேலிய ஓப்பல் என்றதும் பலரும் கூபர் பீடி என்னும் ஊரைத்தான் சொல்வார்கள். கற்களின் கதைகளில் ஈடுபாடு கொண்ட எனக்கோ, நியூ சவுத் வேல்ஸின் வடமேற்கில், வில்கானியாவிலிருந்து 90 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, வறண்ட செம்மண் வெளியில் ஒதுங்கிக் கிடக்கும் வைட் கிளிஃப்ஸ் என்னும் சிற்றூரே பெரிதாகத் தோன்றுகிறது. இன்று அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ 150 பேர்.

1889-இல் கங்காரு வேட்டைக்கு வந்தவர்கள் அங்கே வண்ணம் மின்னும் கற்களைக் கண்டெடுத்தார்கள். அடிலெய்டைச் சேர்ந்த வணிகர் டல்லி வொல்லாஸ்டன் அவற்றை 140 பவுண்டுக்கு வாங்கினார். அன்றைய ஐரோப்பியச் சந்தை ஹங்கேரிச் சுரங்கங்களின் பால் நிற ஓப்பலுக்குப் பழகியிருந்தது. ஆஸ்திரேலியக் கற்களின் பளபளப்பைக் கண்ட லண்டன் வணிகர்கள் முதலில் தயங்கினார்கள் என்பது வேடிக்கைதான். அத்தயக்கம் நீங்கியபின் பத்தே ஆண்டுகளில் அந்தப் பாலையில் ஆயிரக்கணக்கானோர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலுக்குத் தப்ப, அவர்கள் தோண்டிய குழிகளிலும் குன்றுகளின் சரிவிலும் வீடுகளைக் குடைந்துகொண்டார்கள். 'டக்அவுட்' எனப்படும் அவ்வீடுகள் டர்லிஸ் ஹில், ஸ்மித்ஸ் ஹில் ஆகிய இரு குன்றுகளிலும் இன்றும் உள்ளன. உள்ளே ஆண்டு முழுவதும் வெப்பம் 22 டிகிரியை ஒட்டியே நிற்கும். பிள்ளை பிறந்து இன்னோர் அறை வேண்டுமென்றால், செங்கல் வாங்கத் தேவையில்லை, சுவரைக் குடைந்தால் போதும். அதே வெயிலைப் பயன்படுத்தி, 1981-இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தார் 14 குழியாடிகளை நிறுவி, நீராவியால் மின்சாரம் எடுத்து ஊருக்கு வழங்கியதையும் குறிப்பிட வேண்டும்.

ஆனால் என் மனம் ஒட்டிக்கொண்டது இவை எதிலுமல்ல, சுரங்கத்தார் 'பைனாப்பிள்' என்று அழைக்கும் ஒரு கல்லில். கூரிய படிகங்கள் நடுவிலிருந்து நாற்புறமும் துருத்தி நிற்க, அன்னாசிப் பழத்தைப் போலவே காணப்படும் அந்த ஓப்பல் வைட் கிளிஃப்ஸுக்கே உரியது. முதலில் அது, ஓப்பல் இடம்பிடிக்குமுன் அங்கே இருந்த கிளாபரைட் என்னும் உப்புப் படிகத்தின் வடிவம் என்றே கருதப்பட்டது. பின்னர் அது இக்கைட்டின் வடிவம் என்று அறியப்பட்டது. இக்கைட் என்பது கால்சியம் கார்பனேட்டும் நீரும் சேர்ந்த படிகம். உறைநிலையை ஒட்டிய குளிர்நீரில் மட்டுமே விளையும், சற்றுச் சூடேறினாலும் சிதைந்துவிடும்.

ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியா தென்துருவத்தை நெருங்கி இருந்தது. எரோமாங்கா கடல் அதன் உட்பகுதியை மூடியிருந்தது. அக்கடலின் சேற்றில் விளைந்த படிகங்கள் அழிந்தபின், அவற்றின் வடிவத்தில், மணலில் உள்ள சிலிக்கா என்னும் பொருள் கரைந்து நெடுங்காலம் ஊறிய நீரிலிருந்து ஓப்பல் படிந்தது. கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில் வரிசையாக அடுக்கப்பட்ட இடங்களில் ஒளி பிரிந்து வண்ணம் எழும். வரிசை குலைந்த இடத்தில் அது விலைபோகாத மங்கலான 'பாட்ச்'. எனக்கோ, வண்ணமே இல்லாத அன்னாசியும் விலைமதிப்பற்றதுதான். பனிக்கட்டி மிதந்த கடலொன்றின் குளிர் அதன் வடிவில் பதிந்திருக்கிறது. வெயிலுக்கு அஞ்சிய மனிதர்கள் குடைந்து உறங்குவதும் அக்கடலின் பழைய சேற்றுக்குள்தான்.