ஆனி ஆடிக் காத்தும் செஸ்னா 152-ம்

திருநெல்வேலிச் சீமைக்கு மேற்கே மலை, கிழக்கே கடல். அந்த மலையில் செங்கோட்டைப் பக்கம் ஒரு வாசல், ஆரல்வாய்மொழியில் ஒரு வாசல். ஆனி பிறந்துவிட்டால் இரண்டு வாசல் வழியாகவும் காற்று புகுந்து, புரட்டாசி வரை ஓயாது. முப்பந்தல், பணகுடி, கயத்தாறு என்று வழியெல்லாம் காற்றாலைக் காத்தாடிகள் நிற்பது அதனால்தான். சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் காற்றைவிடப் பெரிய வாத்தியார் கிடையாது. இங்கே எழுதுவதெல்லாம் செஸ்னா 152-ஐ வைத்து. இரண்டே இருக்கை, 110 குதிரைத்திறன் லைக்காமிங் எஞ்சின், உச்ச எடை 757 கிலோ. ஓட்டுகிறவர் செய்த தப்பை அந்த நிமிடமே காட்டிக்கொடுத்துவிடும். அதனாலேயே எனக்கு இதன்மேல் அவ்வளவு பிரியம்.

காலையில் முதல் வேலை பெட்ரோல் பார்ப்பது. இரண்டு இறக்கைக்கும் அடியில் ஒவ்வொரு வடிகால், எஞ்சின் பக்கம் வடிகட்டியில் ஒன்று. சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வெள்ளை இறக்கைக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். 100LL என்கிற விமானப் பெட்ரோல் இளநீல நிறம். தண்ணீர் கனமானது, அடியில் முத்து மாதிரி உருளும். குப்பி முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால் நடுவில் பிரிகோடு தெரியாது, ‘சுத்தமாகத்தானே இருக்கிறது’ என்று கண் ஏமாறும். அதனால் நிறத்தையும் பாருங்கள், மோந்தும் பாருங்கள். தண்ணீர் வந்தால் நிற்கிற வரை வடித்துவிட்டு, இறக்கையை மெல்ல ஆட்டி, மறுபடியும் பிடிக்க வேண்டும். ஆயில் 4 குவார்ட்டுக்கு (சுமார் 3.8 லிட்டர்) கீழே இருந்தால் கிளம்பவே கூடாது.

அடுத்தது வெயில். சித்திரை வைகாசியில் நண்பகலுக்கு 38 டிகிரி, காற்றழுத்தம் 1005 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். நம்மூர் கடல் மட்டத்திலிருந்து 150 அடிதான். இயல்பான 1013-ஐவிட அழுத்தம் 8 குறைவு, ஒன்றுக்கு 30 அடி வீதம் ஒரு 240 அடி கூட்டினால் 390. அந்த உயரத்துக்கு இருக்க வேண்டிய வெப்பம் சுமார் 14 டிகிரி. மிச்சம் 24 டிகிரியை, டிகிரிக்கு 120 அடி என்று பெருக்கினால் 2,880. ஆகமொத்தம் 3,200 அடிக்கு மேல். தரையில் நிற்கிற விமானம் 3,200 அடி மலைமேல் நிற்கிற மாதிரிதான் மூச்சு விடும். நிமிடத்துக்கு 715 அடி ஏற வேண்டியது 600-க்குக் கீழே போய்விடும். ரன்வேயில் ஓடும்போது தரை வேகமாகப் பின்னால் போகிற மாதிரி தெரியும். அதை நம்பி மூக்கைத் தூக்கிவிடாதீர்கள். வேகமானி 50 நாட் (மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர்) காட்டட்டும். இந்த வெயிலில் இரண்டு பேரும் தலைக்கு 80 கிலோ, டாங்க் நிறையப் பெட்ரோல் என்றால் எடைச் சீட்டில் ஒரு கைப்பைக்குக்கூட இடம் மிஞ்சாது. ஆளைக் குறையுங்கள், இல்லையென்றால் பெட்ரோலைக் குறைத்துத் தூரத்தைச் சுருக்குங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, விடிந்ததும் பறந்துவிட்டுப் பத்து மணிக்குள் இறங்கிவிடுவது.

இனி ஆடிக் காற்று. வாகைக்குளத்தில் இருக்கிற தூத்துக்குடி ரன்வே 10/28 திசையில் கிடக்கிறது. முன்பு 1,350 மீட்டர், இப்போது 3,115. நீளம் எவ்வளவு கூடினாலும் பக்கக் காற்று குறைவதில்லை. காற்று 240 டிகிரித் திசையிலிருந்து 20 நாட் என்றால், 280 டிகிரியைப் பார்க்கிற ரன்வே 28-க்கு 40 டிகிரி சாய்வு. பக்கவாட்டில் தள்ளுவது சுமார் 13 நாட். 152-ஐச் சோதித்துக் காட்டியதோ 12 வரைதான். அதோடு குப்குப்பென்று 28 வரை வீசினால், கூடுகிற 8-ல் பாதியை, அதாவது 4 நாட்டை, இறங்கும் வேகத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்கையின் பின்மடலான ஃப்ளாப் 30 டிகிரி வேண்டாம், 10 போதும். இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது ரடரால் (வால் சுக்கானால்) மூக்கை நேராகப் பிடித்து, இடது சக்கரத்தை முதலில் தரையில் வையுங்கள். பலரும் தவறுவது அதற்குப் பிறகுதான். சக்கரம் பட்டதும் கை தளர்ந்துவிடுகிறது. வேகம் குறையக் குறைய இறக்கை நுனி மடலான ஐலெரானைக் காற்றுப் பக்கம் இன்னும் திருப்பிக்கொண்டே போக வேண்டும்.

மேற்கே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அகத்தியமலை 1,868 மீட்டர், 6,100 அடிக்கு மேல். மேற்கிலிருந்து காற்று வீசும்போது பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் முழுக்க மலையின் முதுகுப்புறம். அருவி மாதிரி காற்று கீழே கொட்டும், அடியில் சுருளும். முகட்டில் 20 நாட்டுக்கு மேல் அடிக்கிற நாளில் 110 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். மலைக்கு மேல் அசையாமல் நிற்கிற பயறு வடிவ மேகம் தெரிந்தால் அதுவே பதில்.

குற்றாலச் சீசன் சாரலில் இன்னொன்று காத்திருக்கிறது: கார்புரேட்டரில் பனிக்கட்டி. நம்மூரிலா என்று கேட்பார்கள். பெட்ரோல் ஆவியாகும்போதும் குறுகல் வழியாகக் காற்று விரியும்போதும் உள்ளே 20 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். வெளியே 24 டிகிரியும் ஈரமும் இருந்தால் போதும். த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போதுதான் அதிகம் பிடிக்கும். எஞ்சின் சுற்றுகிற வேகம், அதாவது ஆர்பிஎம், சத்தமில்லாமல் 50, 100 என்று நழுவும், பிறகு எஞ்சின் உதறும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடுகிற கார்ப் ஹீட்டை முழுசாக இழுங்கள். ஆர்பிஎம் இன்னும் விழும், உருகின தண்ணீரைக் குடித்து எஞ்சின் இருமும். அதைக் கேட்டுப் பயந்து பலர் மறுபடியும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். சில நொடி பொறுத்தால் ஆர்பிஎம் தானே ஏறும்.

எஞ்சின் நின்றே போனால் 60 நாட் வேகத்தைப் பிடியுங்கள். 3,000 அடியிலிருந்து காற்றில்லாத நாளில் சுமார் 8 கிலோமீட்டர் மிதக்கலாம். 25 நாட் எதிர்காற்றில் 5-கூடத் தேறாது. அறுவடையான வயலும் வற்றின குளத்து உள்வாயும் நல்ல இடம்தான், ஆனால் உள்வாயில் சீமைக்கருவேலம் முளைத்திருக்கும். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடு மேலிருந்து மைதானம் மாதிரி தெரியும். மணலில் மூக்குச் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். விஜயநாராயணத்தில் கடற்படையின் ரேடியோ கம்பங்களில் உயரமானது 471 மீட்டர், அதாவது 1,545 அடி. அதைத் தாங்குகிற கம்பிகள் வெகுதூரம் விரிந்து கிடக்கின்றன, கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைப் பார்த்து ஒதுங்கினால் போதாது, அந்த வட்டாரத்தையே விட்டு விலகுங்கள். கூடங்குளம், மகேந்திரகிரி பக்கம் போவதற்கு முன்னால் வரைபடத்தையும், விமானிகளுக்கு அன்றைக்கு வந்த ‘நோட்டாம்’ (NOTAM) அறிவிப்பையும் பார்த்தே தீர வேண்டும்.

இறங்கின பிறகும் காற்று விடாது. மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்துங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, கண்ட்ரோல் பூட்டு, இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் கயிறு. தேங்காய் நார்க் கயிறு ஈரம் குடித்துச் சுருங்கி இறக்கையை இழுக்கும், நைலான் கயிறே சரி. நாளைக்கு எடை இடம் கொடுக்கும் என்றால் ராத்திரியே டாங்கை நிரப்பிவிடுங்கள். பாதி காலியான டாங்கில் கடற்காற்றின் ஈரம் வியர்த்து இறங்கி, விடிந்ததும் குப்பியின் அடியில் அந்த முத்தாக வந்து நிற்கும்.