மேடும் பள்ளமும்: சின்சினாட்டி நாட்குறிப்பு

ஜனவரி 14

காலையில் பிரைஸ் ஹில் குன்றின் விளிம்பில் நின்று பார்த்தபோது, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரத்தைக் காணவில்லை. ஒஹாயோ ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி, ஊரார் ‘பேசின்’ என்று சொல்லும் தாழ்நிலம் முழுவதையும் நிரப்பியிருக்க, உயர்ந்த கட்டடங்கள் சிலவற்றின் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துவிட்டால் புகையும் பனியும் போக வழியின்றி அடைந்து கிடக்கின்றன.

மூன்றாவது குளிர்காலம் இது, இன்னும் பழகவில்லை. இந்த ஊரின் பருவம் வடக்கோடும் சேராது, தெற்கோடும் சேராது. திங்களன்று ஸ்வெட்டரே போதும் என்றிருக்கும். புதனன்று மழையாகத் தொடங்குவது மாலைக்குள் உறைந்து, எங்கள் தெருவில் வண்டியை ஏற்றவிடாது. 1977 ஜனவரி 18 அன்று இங்கே பதிவான மைனஸ் 25 டிகிரி ஃபாரன்ஹீட் இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஆறு உறைந்து, மக்கள் எதிர்க்கரையில் உள்ள கென்டக்கி மாநிலத்துக்கு நடந்தே போனார்கள்.

பிப்ரவரி 8

மவுண்ட் ஆடம்ஸுக்குப் போயிருந்தேன். 1843இல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் இங்கே வானாய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதனால்தான் குன்றுக்கு இந்தப் பெயர். முப்பது ஆண்டுகளுக்குள் கீழேயிருந்து எழுந்த நிலக்கரிப் புகை வானத்தை மறைத்துவிட, 1873இல் தொலைநோக்கியை மவுண்ட் லுக்அவுட்டுக்குக் கொண்டுபோனார்கள். விண்மீன்களே இடம் மாறிய ஊரில் மனிதர் மாறாமலா இருப்பார்கள்? 1872இல் மவுண்ட் ஆபர்னில் முதல் ‘இன்க்ளைன்’ ஓடத் தொடங்கியது. சரிவான தண்டவாளத்தில் கம்பிவடம் இழுத்துச் செல்லும் மேடை அது. மொத்தம் ஐந்து இருந்தன. கடைசியாக மவுண்ட் ஆடம்ஸில் இருந்தது 1948இல் நின்றது. ஏற வசதியுள்ளவர் மேலே குடியேறினர். வாடகைக்கும் கூலிக்கும் கட்டுப்பட்டவர் புகைக்குள்ளேயே தங்கினர். மேட்டுக்குடி என்ற நம் சொல்லை இங்கே அப்படியே அளவுகோலாகப் பிடிக்கலாம் என்று தோன்றியது.

பிப்ரவரி 24

ஐந்து நாளாக விடாத மழை. ஆற்றங்கரைப் பூங்காவில் கீழ்ப்படிகள் மூழ்கிவிட்டன. ஒரு முழு மரம் வேரோடு சுழன்றபடி பாலத்தை நோக்கிப் போயிற்று. அங்கே வெள்ள மட்டங்களைக் குறித்த தூண் ஒன்று உண்டு. அதன் உச்சியில் நோவாவின் பேழை. 52 அடியைத் தாண்டினால் வெள்ளம் என்பது கணக்கு. 1884இல் 71 அடி. 1937 ஜனவரி 26 அன்று 80 அடி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

1937இல் நீர் மட்டுமா வந்தது! வெள்ளம் உச்சம் தொடுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஆற்றில் கலக்கும் மில் கிரீக் ஓடையின் பள்ளத்தாக்கில் எண்ணெய்த் தொட்டிகள் பெயர்ந்து கசிந்து, நீர்ப்பரப்பே தீப்பற்றி எரிந்தது. ஆறு பெருகினால் அந்த ஓடைக்குள் நீர் பின்னோக்கி ஏறிவிடும் என்பதே சிக்கலின் வேர். 1948இல் ஓடையின் வாயில் தடுப்பணை கட்டி, ஓடை நீரைப் பம்புகளால் ஆற்றுக்குள் இறைக்க ஏற்பாடு செய்தார்கள்.

மார்ச் 11

மேட்டில் இருப்பவருக்குக் கவலையே இல்லை என்று எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டின் பின்புறத் தாங்குசுவர் ஒரு சாண் அளவுக்குச் சாய்ந்திருக்கிறது. வீட்டு உரிமையாளரோ இரண்டு மாதமாக ‘பார்க்கலாம்’ என்கிறார். இந்தக் குன்றுகள் சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கியவை. களிப்பாறை நனைந்தால் பிசைந்த மாவுபோல் குழைந்து சரிவில் வழுக்கும். 1970களில் நெடுஞ்சாலைக்காக மவுண்ட் ஆடம்ஸின் அடிவாரத்தை வெட்டியபோது சரிவே நகரத் தொடங்கி, பெரும் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று.

உதிர்ந்த கல்லொன்றைக் கழுவிப் பார்த்தேன். விரல்நகம் அளவில் வரிவரியாய்ச் சிப்பிகள். இடையே வலைப்பின்னல்போல் பிரயோசோவா என்னும் நுண்ணிய கடலுயிர்க் கூட்டங்கள். ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஆழமற்ற கடலாகக் கிடந்தபோது வாழ்ந்தவை. அந்தக் காலப் பாறைகளை நிலவியலாளர் இந்த ஊரின் பெயராலேயே ‘சின்சினாட்டியன்’ என்கிறார்கள். கல் இப்போது என் மேசையில் இருக்கிறது; சுவர் அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 29

ஃபின்ட்லே சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு தெற்கே நடந்தேன். சென்ட்ரல் பார்க்வே இருக்குமிடத்தில் ஒருகாலத்தில் கால்வாய் ஓடியது. ஜெர்மானியக் குடியேறிகள் அதைத் தங்கள் தாய்நாட்டு ஆற்றின் பெயரால் ரைன் என்று கேலியாக அழைத்ததால் அக்கரை ‘ஓவர்-த-ரைன்’, அதாவது ரைனுக்கு அப்பால், ஆயிற்று. காது சரியாகக் கேட்காவிட்டால் ‘ப்ளீஸ்?’ என்று கேட்கும் பழைய ஊர் வழக்கமும் ஜெர்மன் மொழியின் மிச்சம்தான்; அங்கே ‘பிட்டே’ என்ற ஒரே சொல் ‘தயவுசெய்து’ என்றும் ‘என்ன சொன்னீர்கள்?’ என்றும் பொருள்படும். கால்வாயை வற்றவைத்து அதற்குள் கட்டிய சுரங்க ரயில் பாதையில் ஒரு ரயில்கூட ஓடியதில்லை. பணம் தீர்ந்தது, மேலே 1928இல் சாலை திறந்தார்கள்.

அங்கிருந்து மேற்கே வெஸ்ட் எண்ட். 1950களின் இறுதியில், 75ஆம் எண் நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம் வேண்டி, அதன் கீழ்ப்பகுதியில் 25,000க்கும் மேற்பட்டோரின் வீடுகளை இடித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர், தாம் பிறந்த தெரு எங்கே இருந்தது என்று ஊன்றுகோலால் சுட்டிக் காட்டினார். நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் போகும் லாரிகளின் பக்கமாக அந்தக் கோல் நீண்டிருந்தது.