5எக்ஸ் + 3 = 8எக்ஸ்?

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். போர்டில் 5எக்ஸ் + 3 என்று எழுதி, இதை இன்னும் சுருக்க முடியுமா என்று கேட்டால் பாதி வகுப்பு "8எக்ஸ் சார்" என்று கத்தும். கவனக்குறைவு என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ப்ளஸைப் பார்த்தால் கூட்டி ஒரே எண்ணாக எழுது என்று பழக்கியது நாம்தான். இப்போது ப்ளஸ் அப்படியே நடுவில் நிற்கட்டும், அதுதான் விடை என்றால் பிள்ளைக்குக் கணக்கு பாதியில் நிற்கிற மாதிரிதானே இருக்கும்?

இதற்கு ஸ்டாஃப் ரூமில் வழிவழியாக வரும் வைத்தியம் ஆப்பிளும் ஆரஞ்சும். 5 ஆப்பிளையும் 3 ஆரஞ்சையும் சேர்த்தால் 8 ஆப்பிள் ஆகுமா, ஆகாது, எனவே ஒத்த உறுப்புகளை, அதாவது ஒரே வகையானவற்றை மட்டும் கூட்டு. கொஞ்ச நாள் ஓடும். 2ஏ × 3பி வந்ததும் ஆப்பிளை ஆரஞ்சால் எப்படிப் பெருக்குவது என்று முழிப்பார்கள். அதைவிட, எழுத்து என்றால் ஒரு பொருள் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அது ஒரு எண் என்பதே மறந்துபோகிறது.

அதனால் நான் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். எக்ஸ் 10 என்றால் 5எக்ஸ் + 3 என்பது 53, 8எக்ஸ் என்பது 80. சரி, முடிந்தது. ஆனால் சுலபமாக இருக்கிறதே என்று 1 போட்டால் இரண்டும் 8 வந்து, "பாத்தீங்களா சார்" என்று சிரிப்பார்கள். எக்ஸ் ஸ்கொயரும் 2எக்ஸும் ஒன்று என்பவன் 2 போட்டால் இரண்டும் 4. 0 போட்டாலும் அதே கதைதான். ஆகவே எங்கள் வகுப்பில் 0, 1, 2 மூன்றுக்கும் தடை.

4எக்ஸ் − எக்ஸ் இன்னொரு வம்பு. "எக்ஸை எடுத்துட்டா 4 தானே சார்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது! கெழு, அதாவது எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண், இங்கே 1; அது கண்ணுக்குத் தெரியாததுதான் சிக்கல், அதனால் கொஞ்ச நாளைக்கு 4எக்ஸ் − 1எக்ஸ் என்றே எழுத விடுகிறேன்.

அப்புறம் அடைப்புக்குறி. 7எக்ஸ் − (2எக்ஸ் − 5) என்றால் 5எக்ஸ் − 5 என்று முடிப்பார்கள். வர வேண்டியது 5எக்ஸ் + 5. எக்ஸை 10 என்று வைத்து, கையில் 70 ரூபாய், 20 ரூபாய்ப் பொருளில் கடைக்காரர் 5 ரூபாய் குறைத்தார், மிச்சம் 45ஆ 55ஆ என்றால் உடனே 55 என்கிறார்கள். இதைவிட்டு "மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்" என்று மனப்பாடம் செய்ய வைத்தால், அடுத்த கணக்கிலேயே −2எக்ஸ் − 3எக்ஸ் என்பதற்கு 5எக்ஸ் என்று விடை வரும், அதுவும் பெட்டி கட்டி.