வீட்டுச் சேர்வருக்கு ஒரு வெளிவாசல்

மாங்குளத்தில் எங்கள் வீட்டு ரூட்டரின் நிலைப் பக்கத்தில் இன்று மாலை கண்ட இணைய (ஐபி) முகவரி 100.72 என்று தொடங்கியது.

இணையத்தளக் கோரிக்கைகள் வரும் வாசல்களான 80, 443 ஆகிய போர்ட்களை, சேர்வராக இயங்கும் மடிக்கணினிக்குத் திறந்துவிட்ட பின்னரும், ஊர் முதியோரின் குரற்பதிவுகளைத் தாங்கிய எங்கள் தளம் கனடாவிலுள்ள அண்ணாவுக்கு ஏன் திறக்கவில்லை என்பதற்கான விடை அந்த எண்ணிலேயே இருந்தது.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்கென 2012இல் ஒதுக்கப்பட்டவை.

வெளியிலிருந்து வரும் கோரிக்கையை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அந்த நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. நம் ரூட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை. மாறும் முகவரியை ஒரு நிலையான பெயருடன் இணைத்துவைக்கும் டைனமிக் டிஎன்எஸ்ஸும் உதவாது.

ஆகவே வீட்டுக் கணினியே வெளியே சென்று, பொது முகவரியுள்ள ஒரு சிறிய வாடகைச் சேர்வருடன் வயர்கார்ட் என்ற மென்பொருள்வழி மறைகுறியாக்கிய இணைப்பை ஏற்படுத்தி, 25 விநாடிக்கொரு முறை சிறு பொதியொன்றை அனுப்பி அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். பார்வையாளர்கள் அவ்வழியே உள்ளே வரலாம்.

பதிவுகள் வன்னியில், எங்கள் வீட்டு வட்டிலேயே இருக்கும் என்பதே எனக்கு முக்கியம்.

வீட்டுக் கணினிக்கே தனிப் பொது முகவரி தரக்கூடிய புதிய முகவரி முறையான ஐபிவி6 ஒழுங்காகக் கிடைத்தால் அந்த வாடகையும் மிச்சம். புதிதாக இணைப்பு எடுப்பவர்கள் ஐபிவி6 உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.